வேர்ச் சிகிச்சை: தொடங்கினால் முடிக்க வேண்டும்

வைப்புத் திட்டங்களையும் கடன் வசதிகளையும் பற்றிப் பேசும் இவ்விதழில், இம்முறை பல் மருத்துவத்தை நாம் எடுத்துக்கொண்டிருப்பது வாசகர்களுக்குச் சற்று வியப்பளிக்கலாம். காரணம் எளியது. குடும்பத்தின் மாதக் கணக்கில் முன்னறிவிப்பின்றி நுழையும் செலவுகளுள் பல் வலியும் ஒன்று. இரவெல்லாம் உறங்காமல் காலையில் மருத்துவரிடம் ஓடுகிறோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ‘ரூட் கெனால் செய்ய வேண்டும்’ என்கிறார். அது என்ன, எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு செலவாகும், பல்லையே எடுத்துவிட்டால் என்ன என்று கேள்விகள் வரிசையாக எழுகின்றன. ஆனால் வலியின் நடுவே அவற்றைக் கேட்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. ‘வலி நின்றால் போதும்’ என்று தலையசைத்துவிடுகிறோம்.

படித்துப் பாராமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் வங்கிப் பணியாளர்கள் ஓயாமல் கூறுவதுண்டு. அந்த அறிவுரை பல் மருத்துவரின் நாற்காலிக்கும் பொருந்தும். நாம் மருத்துவர்கள் அல்லோம். இக்கட்டுரை மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகவும் அமையாது. ரூட் கெனால் எனப்படும் வேர்ச் சிகிச்சையை ஒரு நோயாளி எவ்வாறு புரிந்துகொள்ளலாம், எந்த இடத்தில் அவர் இழப்புக்கு ஆளாகிறார் என்பவற்றை எடுத்துரைப்பதே நோக்கம். வலி நிற்பதும் சிகிச்சை முடிவதும் ஒன்றல்ல என்பதை இக்கட்டுரையின் மையக் கருத்தாக வாசகர்கள் கொள்ளலாம்.

பல்லின் உள்ளே இருப்பது என்ன?

கண்ணாடியில் தெரியும் வெண்மையான பகுதி, பல்லின் மேற்புறம் மட்டுமே. அதன் வெளி உறை எனாமல். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதற்குள் டென்டின் என்னும் மஞ்சள் நிற அடுக்கு உள்ளது. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில் ஒரு சிறு அறையும், அந்த அறையிலிருந்து வேரின் நுனிவரை இறங்கும் மெல்லிய கால்வாய்களும் இருக்கின்றன. அறையையும் கால்வாய்களையும் நிரப்பியிருக்கும் மென்மையான திசுவே பற்கூழ். அதில் இரத்த நாளங்களும் நரம்புகளும் உள்ளன. சிகிச்சைக்கு ரூட் கெனால் என்று பெயர் வந்ததே வேரில் உள்ள இந்தக் கால்வாயால்தான்.

எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் கால்வாய்கள் இருப்பதில்லை. மேல் முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றே. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர்களும் மூன்று அல்லது நான்கு கால்வாய்களும் இருக்கும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். அதிலும் மூன்று அல்லது நான்கு கால்வாய்கள். பல வேளைகளில் அந்த நான்காவது கால்வாய் கண்ணில் எளிதில் படாது. முன்பல்லுக்கு ஒரு கட்டணமும் கடைவாய்ப் பல்லுக்கு அதைவிடக் கூடுதல் கட்டணமும் கேட்கப்படுவதன் காரணம் இப்போது விளங்கும். ஒரு பல்லுக்குள் எத்தனை அறைகளைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தே வேலையின் அளவு அமைகிறது.

உடலின் பிற பகுதிகளில் புண் ஏற்பட்டால் அது வீங்கிப் பின்னர் ஆறுகிறது. பற்கூழுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. நான்கு புறமும் கடினமான சுவர். இரத்தம் வந்து போவதற்கு வேர் நுனியில் ஊசிமுனை அளவான வழி மட்டுமே. சொத்தை வழியாகக் கிருமிகள் உள்ளே நுழைந்து பற்கூழ் அழற்சியடையும்போது, வீங்குவதற்கு இடமின்றி அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே பொறுக்க முடியாத வலியாக வெளிப்படுகிறது. ஓர் எல்லையைத் தாண்டிய பின் பற்கூழ் தானாகத் தேறுவதில்லை. சிறிது சிறிதாக அழுகி மடிகிறது.

வலி கூறும் செய்தி

எல்லாப் பல் கூச்சத்துக்கும் வேர்ச் சிகிச்சை தேவையில்லை. வலியின் தன்மையை உற்றுக் கவனித்து மருத்துவரிடம் சரியாகச் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

குளிர்ந்த நீர் பட்டதும் சுரீர் என்று கூசி, நீரை விழுங்கிய ஓரிரு நொடிகளில் அடங்கிவிட்டால், பற்கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கலாம். சொத்தையை அகற்றிப் பல்லை அடைத்தாலே போதுமானதாக அமையும். குளிர்ச்சியோ சூடோ விலகிய பின்னும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், காரணமே இன்றித் தானாக வலித்தால், படுத்தவுடன் வலி கூடி உறக்கத்தைக் கெடுத்தால், பற்கூழ் மீளும் நிலையைக் கடந்துவிட்டது என்று ஐயுற வேண்டும். கடிக்கும்போது மட்டும் ஒரு பல் உயர்ந்து நிற்பதுபோல் நொந்தால், தொற்று வேர் நுனிக்கு அப்பால் பரவத் தொடங்கியிருக்கலாம்.

நோயாளிகளை அதிகம் ஏமாற்றுவது இதற்கு அடுத்த கட்டம். ஒரு வாரம் துடிக்க வைத்த வலி திடீரென நின்றுவிடுகிறது. ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று மருத்துவருக்குச் சொன்ன நேரத்தைக் கைவிடுகிறோம். உண்மையில் நரம்பு மடிந்ததால் வலி நின்றிருக்கிறது. கிருமிகள் இப்போது எவ்விதத் தடையுமின்றிக் கால்வாயில் பெருகி, வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன. மாதங்கள் கழித்து ஈறில் ஒரு சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் வடிவதும், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கரிய நிழல் தெரிவதும் இதன் விளைவுகள்.

வலிக்கும் இடமும் சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதுவலியாகத் தோன்றலாம். மேல் தாடையின் வலியைக் கீழ்த்தாடை வலி என்று நினைக்கலாம். மூக்கருகே உள்ள சைனஸ் அறைகளில் நீர் கோத்துக்கொள்ளும்போது மேல் கடைவாய்ப் பற்கள் அனைத்தும் வலிப்பதுண்டு. ஆகவேதான் நாம் காட்டும் பல்லை மட்டும் நம்பாமல், மருத்துவர் அருகிலுள்ள பற்களைத் தட்டிப் பார்க்கிறார், குளிர்ச்சியை வைத்துச் சோதிக்கிறார், எக்ஸ்ரே எடுக்கிறார். இவற்றைத் தேவையற்ற செலவு என்று எண்ணலாகாது.

அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

வேர்ச் சிகிச்சை என்றதும் பலருக்கும் நடுக்கம் ஏற்படுகிறது. ஒரு காலத்தில் அந்த நடுக்கத்துக்கு நியாயம் இருந்தது. 1838-இல் அமெரிக்காவின் எட்வர்டு மேனார்டு, கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்து, கால்வாயைச் சுத்தம் செய்யும் நுண்கருவியை உருவாக்கினார். அப்போது மறத்துப்போகச் செய்யும் ஊசி கிடையாது. 1884-இல் கோகெய்னின் மறத்துப்போகச் செய்யும் ஆற்றலை வியன்னாவில் கார்ல் கோலர் கண் சிகிச்சையில் நிறுவிய பின்னரே அத்தகைய ஊசிக்கு வழி பிறந்தது. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டறிந்தார். அதற்கு முன்பு வேரின் நுனி எங்கே முடிகிறது என்பதை மருத்துவர் விரல் உணர்வால் ஊகிக்கவே முடிந்தது. இன்று பரவலாகப் பயன்படும் லிக்னோகெய்ன் 1940-களில் சுவீடனில் உருவாக்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி சொல்லிச் சென்ற கதைகளுக்கும் இன்றைய நாற்காலிக்கும் இடையே இத்தனை மாற்றங்கள் உள்ளன.

மற்றோர் அச்சமும் உண்டு. வேர்ச் சிகிச்சை செய்த பல் உடலெங்கும் நோயைப் பரப்பும் என்னும் செய்தி கைப்பேசிகளில் அவ்வப்போது வலம் வருகிறது. இதன் வேர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உள்ளது. அவ்வாண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், வாயில் தங்கும் தொற்றே பல நோய்களுக்கு ஊற்று என்று கடுமையாகச் சாடினார். அந்தக் கருத்து வேகமாகப் பரவி, காப்பாற்றக்கூடிய எண்ணற்ற பற்கள் பல ஆண்டுகள் பிடுங்கப்பட்டன. பற்கள் போயினவே தவிர நோய்கள் போகவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளில் அக்கொள்கை நிலைக்காமல் கைவிடப்பட்டது. கால்வாயில் தொற்று தங்குவது தீங்கானது என்பது உண்மை; அந்தத் தொற்றை அகற்றுவதே வேர்ச் சிகிச்சையின் வேலை.

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அவர் 1920-இல் கல்கத்தாவில் தொடங்கிய கல்லூரியே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. இன்று அது அவர் பெயரிலேயே அரசுக் கல்லூரியாக இயங்குகிறது. அவர் பிறந்த நாளான டிசம்பர் 24, தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம், பதிவு பெற்றவர்களே இத்தொழிலைச் செய்ய வேண்டும் என்னும் ஒழுங்கை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது.

நாற்காலியில் நடப்பவை

முதலில் ஈறில் மறத்துப்போகும் ஊசி போடப்படுகிறது. கடுமையான அழற்சியிலுள்ள கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரே ஊசி முழுமையாக வேலை செய்யாமல் போவதுண்டு. அப்போது வலியைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டியதில்லை; கையை உயர்த்திச் சொன்னால் மருத்துவர் கூடுதல் மருந்து செலுத்துவார்.

அடுத்து, பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் திரை பொருத்தப்படுகிறது. 1864-இல் நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் அறிமுகப்படுத்திய எளிய கருவி இது. உமிழ்நீரும் அதிலுள்ள கிருமிகளும் திறந்த பல்லுக்குள் செல்லாமலும், நுண்கருவியோ மருந்தோ தொண்டைக்குள் நழுவாமலும் இது தடுக்கிறது. ரப்பர் திரை பயன்படுத்துவீர்களா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்பதில் தவறில்லை.

பின்னர்ச் சொத்தை முழுவதும் அகற்றப்பட்டு, பல்லின் மேற்கூரையில் ஒரு திறப்பு உண்டாக்கப்படுகிறது. ஃபைல் எனப்படும் நுண்ணிய அரங்கள் கால்வாய்களுக்குள் இறங்குகின்றன. இவற்றின் அளவை எண்ணிப் பார்த்தால் வேலையின் நுட்பம் புரியும். 10-ஆம் எண் ஃபைலின் முனை 0.10 மில்லிமீட்டர், 25-ஆம் எண்ணுக்கு 0.25 மில்லிமீட்டர். பல்லின் முழு நீளமோ ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர். வேர் நுனிக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் எலும்புப் பகுதி புண்படும், மிகவும் முன்னரே நிறுத்தினால் தொற்று எஞ்சிவிடும். அந்த நீளத்தை எக்ஸ்ரே வழியாகவும், நுனியை மின்னோட்டத்தால் உணர்த்தும் கருவியைக் கொண்டும் மருத்துவர் அளந்து குறித்துக்கொள்கிறார்.

அரத்தால் மட்டும் கால்வாய் தூய்மையாகாது. கிளைகளும் இடுக்குகளும் நிறைந்த அந்த வழியில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பலமுறை செலுத்திக் கழுவுகிறார்கள். வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் திரவத்திலுள்ள அதே வேதிப்பொருள்தான் இது. நாற்காலியில் நாம் நுகரும் நெடியும் இதனால்தான். அன்றே முடிக்க இயலாவிட்டால், கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு என்பது நமக்குத் தெரிந்த நீற்றிய சுண்ணாம்புதான். அதன் கடுமையான காரத்தன்மை எஞ்சிய கிருமிகளை ஒடுக்குகிறது. ஒரே அமர்வில் முடிப்பதா, இரண்டு மூன்று அமர்வுகளில் முடிப்பதா என்பது பல்லின் நிலையையும் தொற்றின் அளவையும் பொறுத்து மருத்துவர் எடுக்கும் முடிவு. அமர்வுகள் கூடினால் தரமும் கூடும் என்றோ, குறைந்தால் தரமும் குறையும் என்றோ கொள்ள வேண்டியதில்லை.

கால்வாய் உலர்ந்து தூய்மையானதும் அது நிரந்தரமாக நிரப்பப்படுகிறது. பயன்படும் பொருள் கட்டா பெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இறுகிக் கிடைப்பது. 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இடப்பட்ட தந்திக் கம்பிக்கு நீர் புகாத உறையாக அமைந்ததும் இதே பொருளே. கடல்நீரைத் தடுத்த அதே குணம், பல்லின் வேரில் கிருமிகளும் நீரும் மீண்டும் புகாமல் காக்கப் பயன்படுகிறது.

வலி நின்றது, வேலை மீதமிருக்கிறது

முதல் அமர்விலேயே அழற்சியடைந்த பற்கூழ் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிடுவதால், வாட்டிய வலி அன்றோ அடுத்த சில நாள்களிலோ அடங்கிவிடுகிறது. நோயாளி இழப்புக்கு ஆளாகும் இடமும் இதுவே. வலிதான் அவரை மருத்துவரிடம் அழைத்து வந்தது. அந்த வலி போனதும் அழைத்து வர யாரும் இல்லை.

எங்கள் சக அலுவலர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே குறிப்பிடுவது பயன் தரும். நாக்பூரில் பணியாற்றியபோது கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லில் அவருக்கு வேர்ச் சிகிச்சை செய்யப்பட்டது. கால்வாய்கள் நிரப்பப்பட்டுத் தற்காலிக அடைப்பும் இடப்பட்டது; கேப் மட்டுமே மீதம். அந்த வாரத்தில் குவாஹாட்டிக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. பெட்டி படுக்கைகளைக் கட்டுவதும், பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவதும், புதிய கிளையில் பொறுப்பேற்பதுமாக மாதங்கள் ஓடின. பல்லில் வலி சிறிதும் இல்லாததால் எவரும் அதை நினைக்கவில்லை. எட்டாவது மாதம் ஒரு மாலையில் வறுத்த கடலையைக் கடித்தபோது பல் நெடுக்காகப் பிளந்தது. பிளவு வேர்வரை சென்றுவிட்டதால் காப்பாற்ற வழியில்லை என்று அங்குள்ள மருத்துவர் பல்லை எடுத்துவிட்டார். வேர்ச் சிகிச்சைக்குச் செலவிட்ட பணமும் போனது; காப்பாற்றப்பட்டிருந்த பல்லும் போனது; அந்த இடத்தில் வேறு பல் பொருத்தும் செலவு புதிதாக வந்து சேர்ந்தது.

ஏன் இவ்வாறு நேர்கிறது? சொத்தையும், சிகிச்சைக்கான திறப்புமாகச் சேர்ந்து பல்லின் மேற்கூரையில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். எஞ்சிய சுவர்கள் தனித்தனியே நிற்கின்றன. கடைவாய்ப் பற்கள் தாங்கும் அழுத்தமோ மிகுதி. கடிக்கும் ஒவ்வொரு முறையும் அச்சுவர்கள் வெளிப்புறமாக விலக முற்படுகின்றன. கேப் என்பது அவற்றை ஒருங்கே பிணைக்கும் வளையம். வண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதைப் போல. எனவே கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் கேப் தேவைப்படுகிறது. முன்பல்லில் இழப்பு குறைவாக இருந்தால் நல்ல அடைப்பே போதும் என்று மருத்துவர் கூறலாம்.

தற்காலிக அடைப்புக்கும் ஆயுள் குறைவு. அது சில வாரங்களுக்கென இடப்படுவது. தேய்ந்தோ விலகியோ போனால் உமிழ்நீர் கசிந்து, சிரமப்பட்டுத் தூய்மை செய்த கால்வாய்களில் கிருமிகள் மீண்டும் குடியேறும். ஊர் மாறும் வாய்ப்புள்ளவர்கள் முதல் நாளிலேயே அதை மருத்துவரிடம் தெரிவிப்பது நல்லது. இடையில் ஊர் மாற நேர்ந்தால் எக்ஸ்ரே படங்களையும், எந்தப் பல்லில் எத்தனை கால்வாய்கள், எதுவரை வேலை முடிந்தது என்னும் குறிப்பையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கை வேறு கிளைக்கு மாற்றிக்கொள்வதுபோல் சிகிச்சையையும் வேறு ஊரில் தொடரலாம். ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

பல்லை எடுத்துவிட்டால் என்ன?

இது நியாயமான கேள்வி. பல்லை எடுக்கும் கட்டணம் குறைவு. பிளந்த பல், தாங்க எலும்பே இல்லாமல் ஆடும் பல், ஈறுக்கு மேல் ஒன்றுமே எஞ்சாத பல் ஆகியவற்றுக்கு அதுவே சரியான தீர்வாகவும் இருக்கலாம். ஆனால் காப்பாற்றக்கூடிய பல்லை எடுப்பதை மலிவு என்று முடிவு செய்யுமுன், கணக்கின் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால், இருபுறமுள்ள பற்கள் நாளடைவில் அந்த இடைவெளியை நோக்கிச் சாயலாம். எதிர்த்தாடைப் பல் நீண்டு வரலாம். உணவு சிக்கி அடுத்த சொத்தைக்கு வழியாகலாம்.

மாற்றுப் பல் வைக்க மூன்று வழிகள் உண்டு. பிரிட்ஜ் என்பது இருபுறமுள்ள பற்களைச் செதுக்கி அவற்றின்மீது மூன்று பற்களாகப் பொருத்துவது. அப்பற்கள் நலமானவையாக இருந்தாலும் செதுக்கியாக வேண்டும். இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல் வைப்பது. இது பெரும்பாலும் வேர்ச் சிகிச்சையையும் கேப்பையும் சேர்த்த செலவைவிட மிகும். முடிய மாதங்களும் ஆகலாம். கழற்றி மாட்டும் பல் செட் மலிவானது, ஆனால் மெல்லும் ஆற்றல் குறைவு. ‘பல் போனால் சொல் போச்சு’ என்றனர் முன்னோர். சொல் மட்டுமன்று, சோறும் அதனோடு குறையும் என்பதை முதியவர்கள் அறிவார்கள்.

களைய வேண்டிய சில எண்ணங்கள்

மேல் பல்லைத் தொட்டால் கண் பார்வை கெடும் என்னும் நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளிலும் உண்டு. பார்வைக்குரிய நரம்பு வேறு. பற்களுக்குரிய நரம்பு வேறு. பல் சிகிச்சையால் பார்வை குறைவதில்லை.

ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கினால் போதும் என்பது மற்றொன்று. மருந்து இரத்தத்தின் வழியே செல்கிறது. மடிந்த பற்கூழுக்கோ இரத்த ஓட்டமே இல்லை. வீக்கம் பரவினாலோ காய்ச்சல் இருந்தாலோ மருத்துவர் அதைப் பரிந்துரைப்பார். மற்றபடி அது சிகிச்சைக்கு மாற்றாகாது. கிராம்புத் தைலம் சிறிது நேரம் வலியைத் தணிக்கலாம், சொத்தையை ஆற்றாது. வலி மாத்திரையை ஈறின்மீது வைத்து அழுத்துவது புண்ணையே உண்டாக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

இப்பல்லை நீண்ட காலம் காப்பாற்ற வாய்ப்பு எவ்வளவு? எக்ஸ்ரேயில் காண்பித்து விளக்க இயலுமா? எத்தனை அமர்வுகள் ஆகும்? சொல்லப்பட்ட கட்டணத்தில் எக்ஸ்ரே, வேர்ச் சிகிச்சை, உட்புற அடைப்பு, கேப் ஆகிய நான்கும் அடங்குமா? கேப்பை எத்தனை நாள்களுக்குள் பொருத்த வேண்டும்? மீண்டும் தொற்று வந்தால் மறுசிகிச்சைக்குத் தனிக் கட்டணமா? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லலாம். நல்ல மருத்துவர் இவற்றை விரும்பி வரவேற்பார்.

கேப் உலோகத்தாலும், உலோகத்தின்மேல் பீங்கான் பூசியும், சிர்கோனியாவாலும் செய்யப்படுகிறது. விலை அதற்கேற்ப மாறும். சில கேப்களுக்குப் பல ஆண்டு வாரண்டி அட்டை தரப்படுகிறது. அந்த வாரண்டி பெரும்பாலும் கேப்புக்கு உரியது. அதன் உள்ளிருக்கும் பல்லுக்கு அன்று. நிபந்தனைகளைப் படித்து அட்டையைப் பத்திரப்படுத்துவது நலம். வேர்ச் சிகிச்சையில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்த மருத்துவர்கள் உண்டு, பி.டி.எஸ். முடித்த பொதுப் பல் மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். சிக்கலான கடைவாய்ப் பல்லுக்கும் மறுசிகிச்சைக்கும் சிறப்பு மருத்துவரை நாடலாம். கட்டணம் தாங்க இயலாதவர்களுக்கு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் துணை நிற்கின்றன. அங்கே நேரம் கூடுதலாக ஆகலாம். செலவு வெகுவாகக் குறையும்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான சுகாதாரக் காப்பீட்டுப் பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே இழப்பீடு தருகின்றன. நாற்காலியில் அமர்ந்து பெற்று வீடு திரும்பும் வேர்ச் சிகிச்சை அதில் அடங்காதிருக்கவே வாய்ப்பு மிகுதி. புறநோயாளிச் செலவுக்கான தனி வசதி உங்கள் பாலிசியில் உள்ளதா, அதில் பல் சிகிச்சை சேர்க்கப்பட்டுள்ளதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில், மாதம் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வருவது குடும்பத்தின் பல் செலவுகளுக்கு எளிய ஏற்பாடு. பாதியில் நின்ற சிகிச்சைகள் பலவற்றுக்கும் கேப்புக்குப் பணம் இல்லாமையே காரணமாகிறது. எனவே தொடங்கும் நாளிலேயே கடைசிப் படிக்கான தொகையையும் ஒதுக்கிவிட வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

சர்க்கரை நோய், இதய வால்வு அறுவை சிகிச்சை, கருவுற்றிருத்தல், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முதலிலேயே கூறுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தலாகாது. எலும்புத் தேய்வுக்கான மருந்து எடுப்பவர்கள் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவர்களுள் சிலருக்குப் பல்லைப் பிடுங்குவதைவிட வேர்ச் சிகிச்சையே பாதுகாப்பானதாக அமையும்.

சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் கடிக்கும்போது லேசான நோவு இருப்பது இயல்பு. நோவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் மருத்துவரை அழைக்க வேண்டும். முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளுதல், வாயைத் திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், கடும் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். பல்லில் தொடங்கும் தொற்று கழுத்துக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

சிகிச்சை பெற்ற பல்லுக்கு இனி வலி தெரியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும், கேப்பின் விளிம்பிலுள்ள பல்லின் பகுதியும் மற்றப் பற்களைப் போலவே சொத்தைக்கும் நோய்க்கும் உள்ளாகக் கூடியவை. வலி என்னும் எச்சரிக்கை மணி இல்லாத அந்தப் பல்லுக்குக் கூடுதல் கவனம் தேவை. இரு வேளை ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குவதும், மருத்துவர் குறித்துத் தரும் கால இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியின் எலும்பு ஆறி வருகிறதா என்று பார்த்துக்கொள்வதும் அதற்குப் போதுமானவை. ஒழுங்காக முடித்துப் பேணப்படும் பல் பல ஆண்டுகள் உழைக்கும்.

இதைப் படிக்கும் வாசகர்களுள் எவருக்கேனும் தற்காலிக அடைப்போடு ஒரு பல் காத்திருக்கக்கூடும். வலி இல்லை என்பதால் அதனைத் தள்ளிப் போட்டிருக்கலாம். இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, கேப் பொருத்துவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.